உயிலுக்கு ஒரு வக்கீல்: தேடுவதும் ஃபீஸ் பேசுவதும்

நம் சங்க அன்பர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் சமீப காலமாக ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "உயில் எழுதி வைக்கணும், தெரிந்த வக்கீல் யாராவது இருக்காங்களா? எவ்வளவு கேட்பார்?" கேட்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். 1940-களில் சேஷசாயி சகோதரர்கள் பெரியாற்றங்கரையில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையைத் தொடங்கிய நாள் முதல் பிழைப்பைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து ஏலூருக்கு வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும். மட்டாஞ்சேரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்மவர்களுக்கும் இதே கேள்விதான். கம்பெனி குவார்ட்டர்ஸ் நமக்குச் சொந்தமில்லை என்பதால் ஏலூரிலோ களமசேரியிலோ ஆலுவாயிலோ ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டியிருப்போம். ஊரில் பாட்டனார் நிலத்தில் ஒரு பங்கு இருக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். இப்படி மூன்று திசையில் சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கு உயில் என்பது பணக்காரர் சமாசாரம் அல்ல. நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் எஸ்டிமேட், டெண்டர், அளவுப் புத்தகம் என்று வாழ்நாளைக் கழித்தவனுக்கு, ஒரு வேலைக்கு ஆளைத் தேடிக் கூலி பேசுவது எப்படி என்று கொஞ்சம் தெரியும். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

முதலில், உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். களமசேரியில் சொந்த சம்பாத்தியத்தில் வீடு கட்டிய ஒருவர் உயில் இல்லாமல் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். தகப்பனார் முன்பே போய்விட்டார். வயதான தாயார் கும்பகோணத்தில் இருக்கிறார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாயார் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. வீடு முழுவதும் மனைவிக்கு வரும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அப்படி இல்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தாயாரும் உயில் எழுதாமல் காலமாகிறார். அவருடைய கால் பங்கு அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகும். கும்பகோணத்தில் உள்ள இளைய மகன், நாகபுரியில் உள்ள மகள், முன்பே காலமான நம் களமசேரிக்காரரின் பிள்ளைகள் என்று மூன்று கிளை. கால் பங்கு மூன்றாகப் பிரிந்து 1/12 வீதம் ஆகிறது. களமசேரிக்காரரின் கிளைக்கு வந்த 1/12-ஐ மகனும் மகளும் ஆளுக்கு 1/24 எடுத்துக்கொள்வார்கள். அதில் மருமகளுக்குப் பங்கில்லை. ஆக, வீட்டை 24 பங்காகப் போட்டால் மனைவிக்கு 6, மகனுக்கு 7, மகளுக்கு 7, கும்பகோணத்துக் கொழுந்தனாருக்கு 2, நாகபுரி நாத்தனாருக்கு 2. அந்த அம்மாள் தன் சொந்த வீட்டை விற்க வேண்டுமானால் ஐந்து பேர் கையெழுத்து வேண்டும். கொழுந்தனார் நல்லவராகவே இருக்கட்டும்; அவரும் போய்விட்டால் அவருடைய வாரிசுகள் வருவார்கள். ஒரே ஒரு உயில் இருந்திருந்தால் இத்தனையும் தேவையே இல்லை.

பெண்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் விசித்திரம். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்ற நிலையில் ஓர் ஆசிரியை உயில் எழுதாமல் காலமானால், அவர் தம் சம்பளத்தில் சேர்த்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகிறது. அவரைப் பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பிறகுதான். இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படி இருக்கும்வரை பெண்கள் தங்களுக்கென்று தனி உயில் எழுதி வைப்பதே புத்திசாலித்தனம். கணவர் எழுதிய உயில் மனைவியின் சொத்துக்கு உதவாது.

இதுவரை சொன்ன கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவ அன்பர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம் அன்பர்கள் மற்ற வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அவரவர் தம் வக்கீலிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

"பேங்கில் நாமினேஷன் கொடுத்துவிட்டேனே" என்பவர்கள் உண்டு. நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர், அவ்வளவுதான். அந்தப் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்பதை உயிலோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டமோதான் தீர்மானிக்கும். 2025 நவம்பர் முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்று வந்திருக்கிறது. அதனாலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். குடும்பப் பென்ஷனை உயிலில் எழுதவே முடியாது. ரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்ப வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பென்ஷன் விதிகள் யாருக்கு என்று சொல்கின்றனவோ அவருக்குத்தான்.

இனி வக்கீல். உண்மையைச் சொன்னால், உயில் எழுத வக்கீல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் எழுதலாம். ஸ்டாம்ப் கட்டணம் கிடையாது. ரிஜிஸ்தர் செய்வதும் கட்டாயமில்லை. எழுதுபவர் கையெழுத்துப் போடவேண்டும். அவர் போட்டதைப் பார்த்தவர்களாக, அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் சொல்லக் கேட்டவர்களாக இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போடவேண்டும். இதுதான் 63-ஆம் பிரிவு கேட்பது. அப்படியானால் எதற்கு வக்கீல்? எழுதுவதற்கு அல்ல, எழுதியது பிற்பாடு நிற்பதற்கு. பாலம் கட்டும் நாளில் யாரும் அதைச் சோதிப்பதில்லை. வெள்ளம் வரும் நாளில்தான் சோதனை. உயிலுக்கு அந்த வெள்ளம் வரும்போது எழுதியவர் பதில் சொல்ல இருக்கமாட்டார்.

கேரளத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. இங்கே உயில்கள் பெரும்பாலும் மலையாளத்தில் தயாராகின்றன. நமக்கு மலையாளம் பேச வரும். கடைப் பலகையைப் படிப்போம். பத்திர பாஷை படிக்க வராது. மகனோ மருமகனோ வக்கீலிடம் போய்ச் சொல்லி எழுதி வாங்கி வருவார். பெரியவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். பிற்பாடு இன்னொரு பிள்ளை கோர்ட்டுக்குப் போய், "எங்கப்பாவுக்கு மலையாளம் வாசிக்கவே தெரியாது, இதில் என்ன இருந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டால், உயிலைக் காட்டுபவர்தான் பதில் சொல்ல வேண்டும். வெங்கடாசல ஐயங்கார் வழக்கு என்று பெயர்பெற்ற 1958-ஆம் வருஷத்துத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: உயிலால் பெரும் லாபம் அடைபவரே அதைத் தயாரிப்பதிலும் முன்னின்றிருந்தால், அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு அவருடையது. ரிஜிஸ்தர் ஆகியிருக்கிறது என்பது மட்டும் போதாது. ஆகையால் லாபம் அடையப் போகிறவர் வக்கீலைத் தேடித் தரக் கூடாது. அவர் ஃபீஸ் கொடுக்கவும் கூடாது. உயில் எழுதுபவரே தேடி, அவரே பேசி, அவரே பணம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

உயிலைத் தமிழிலேயே எழுதலாமா? தாராளமாக எழுதலாம், செல்லும். ரிஜிஸ்தர் செய்யும்போது மட்டும், அந்த ஆபீசருக்குப் புரியாத, அந்த மாவட்டத்தில் பொதுவாக வழங்காத பாஷையாக இருந்தால் சரியான மொழிபெயர்ப்பும் ஒரு நகலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினால், 'இதைத் தமிழில் வாசித்து விளக்கக் கேட்டு, புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன்' என்று ஒரு வாக்கியத்தைக் கடைசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். வாசித்தவரே ஒரு சாட்சியாகவும் இருந்தால் மிக நல்லது.

இங்குள்ள சொற்களைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வதும் நல்லது. உயிலை 'ஒஸ்யத்து' அல்லது 'வில்பத்திரம்' என்பார்கள். கிரயப் பத்திரம் முதலாக எல்லாமே 'ஆதாரம்'. வக்கீல் குமாஸ்தா "ஆதாரம் கொண்டு வா" என்றால் ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. நம் வில்லங்கச் சான்று இங்கே 'குடிக்கட சர்டிபிகேட்', பட்டா மாறுதல் 'போக்குவரவு', பவர் பத்திரம் 'முக்தியார்', பாகப்பிரிவினை 'பாகபத்திரம்', செட்டில்மெண்ட் 'தனநிச்சயம்'. முக்தியார் பற்றி ஒரு வார்த்தை. மகனுக்கு முக்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், உயில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தவர் மூச்சு நின்ற கணமே முக்தியாரும் தீர்ந்தது. தனநிச்சயம் வேறு மாதிரி: கொடுத்த அன்றே சொத்து கை மாறிவிடும், ஸ்டாம்ப் கட்டணமும் உண்டு, மனம் மாறினால் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம். பிள்ளைக்கு அப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்போதுதான் உறுதியாகக் கைகொடுக்கும். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

யாரிடம் போவது? சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் லைசென்ஸ் பெற்ற ஆதாரம் எழுத்துக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரே வீடு, மனைவிக்குப் பிறகு ஒரே மகள் என்கிற மாதிரியான உயிலுக்கு அனுபவமுள்ள எழுத்துக்காரரே போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மாநிலத்தில் சொத்து, இரண்டாம் தாரம், மனநலம் குன்றிய பிள்ளை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய பிள்ளை, பேச்சு வார்த்தை இல்லாத சகோதரர்கள் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் வக்கீல்தான்.

வக்கீலைத் தேடும்போது விளம்பரத்தை நம்பிப் பயனில்லை, ஏனென்றால் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. 2008-ல் செய்த திருத்தப்படி பெயர், விலாசம், பதிவு எண், எந்தத் துறை என்பவற்றை மட்டும் இணையத்தில் வெளியிடலாம். ஆகவே "பெரிய வக்கீல், நான் கூட்டிப் போகிறேன்" என்று வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஜாக்கிரதை. விசாரிக்க வேண்டிய இடங்கள் வேறு. பறவூரிலும் ஆலுவாயிலும் எறணாகுளத்திலும் கோர்ட்டுகள் உண்டு. அங்கே சிவில் வழக்கு, அதிலும் பாகப்பிரிவினை, வாரிசு வழக்குகளை நடத்துபவர் யார் என்று கேட்க வேண்டும். உயிலைக் கோர்ட்டில் உடைத்துப் பார்த்தவருக்குத்தான் உடையாமல் எழுதத் தெரியும். வீட்டுக் கடன் கொடுத்த பேங்கின் பத்திரப் பரிசோதனை வக்கீலும் நல்ல தேர்வு. நிலப் பத்திரம் படித்துப் பழகியவர். சமீபத்தில் தகப்பனார் சொத்தை மாற்றி எழுதி முடித்த குடும்பத்தாரைக் கேட்டால் தவறில்லை. கிடைத்தவரின் பதிவு எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் 'கே' என்ற எழுத்து, ஒரு எண், ஒரு வருஷம் என்று இருக்கும். சந்தேகம் இருந்தால் எறணாகுளத்தில் ஹைகோர்ட் வளாகத்தில் உள்ள கேரள பார் கவுன்சிலில் விசாரிக்கலாம். வயதையும் பாருங்கள். நம்மைவிட மூத்த வக்கீல் மகா அனுபவசாலியாக இருக்கலாம். நம் உயிலுக்குத் தேவைப்படும் நாளில் அவரும் இருக்க வேண்டாமா?

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போனால் வக்கீலுடைய நேரமும் நம் பணமும் வீண். வீட்டு ஆதாரம், கடைசியாகக் கரம் கட்டிய ரசீது, ஊர் நிலத்தின் பட்டா, சிட்டா, பேங்க் கணக்குகளின் பட்டியல், பிள்ளைகளின் முழுப்பெயர் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பெயரில்தான் நமக்குப் பெரிய தொல்லை. பத்திரத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் அவர் முழுப்பெயர் பின்னால், பேங்கில் ஊர்ப்பெயரோடு என்று ஒரே மனிதர் மூன்று மனிதராக இருப்பார். மூன்றும் ஒருவரே என்று உயிலில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அளவும் அப்படித்தான். கேரள ஆதாரத்தில் ஆர் என்று இருக்கும். ஓர் ஆர் சுமார் 2.47 சென்ட். தஞ்சாவூர்ப் பழைய பத்திரத்தில் மா, குழி, வேலி என்று இருக்கும். 100 குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. எறணாகுளத்து வக்கீலுக்கு மா என்றால் மாமரம்தான் ஞாபகம் வரும். சர்வே எண்ணையும் ஹெக்டேர் அளவையும் நாமே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். பாட்டனார் வழி வந்த பூர்வீக நிலம் என்றால் அதில் நம் பங்கை மட்டுமே உயில் எழுத முடியும். 2005-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் மகளுக்கும் அதில் பிறப்பாலேயே பங்கு உண்டு. அவள் பங்கையும் சேர்த்து மகனுக்கு எழுதினால் அந்த இடத்தில் உயில் ஓட்டைதான்.

ஃபீஸ் விஷயத்துக்கு வருவோம். உயிலுக்கு இன்ன ஃபீஸ் என்று அரசாங்கம் நிர்ணயித்த தொகை எதுவும் இல்லை. ஆகவே வேலையைப் பிரித்துப் பேச வேண்டும். ஆலோசனைக்கு எவ்வளவு, பத்திரங்களைப் படிக்க எவ்வளவு, வரைவு எழுதவும் இரண்டு முறை திருத்தவும் எவ்வளவு, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு உடன் வர எவ்வளவு, குமாஸ்தா செலவும் டைப் செலவும் அதில் சேர்ந்ததா, தனியா? இத்தனைக்கும் சேர்த்து ஒரே தொகையாக எழுதி வாங்குவது நல்லது. இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காகக் குறைந்த டெண்டருக்கே வேலையைக் கொடுக்கவேண்டும் என்ற ஆடிட் விதி நமக்கு இங்கே கிடையாது. நம்மைத் தனியாக உட்கார வைத்து, பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்லி, அரை மணி நேரம் கேள்வி கேட்கிற வக்கீல் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். அந்த அரை மணிதான் நாம் வாங்கும் சரக்கு. ஒரு பகுதியை முன்பணமாகவும், மீதியை உயில் கையெழுத்தாகும் அன்றும் கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள்.

"சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம்" என்று ஒருவர் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். நாலு பக்க உயிலுக்கு உழைப்பு ஒன்றுதான், வீடு ஐம்பது லட்சமானாலும் இரண்டு கோடியானாலும். வழக்கில் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. தனிமனிதரின் குடும்ப விஷயத்துக்கு வக்கீல் வாங்கும் ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். ஃபீஸ் பாக்கி என்ற காரணத்துக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2000-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அசல் ஆதாரத்தை ஒப்படைக்காமல் நகலைக் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வருவதே உத்தமம்.

பணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஏலூர் போன்ற ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? கோர்ட்டு வழக்குக்கு மட்டுமல்ல, சட்ட ஆலோசனைக்கும் அது பொருந்தும். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம்.

சாட்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று. உயில் கோர்ட்டுக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றியே நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டம் கேட்டதை 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டமும் கேட்கிறது. ஆனால் நாம் செய்வது என்ன? கூட வேலை பார்த்த, நம் வயதே ஆன நண்பர்களைக் கூப்பிடுகிறோம். பிற்பாடு ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவர் மகனோடு கனடாவில் இருக்கிறார் என்று ஆகிறது. இந்த ஊரிலேயே தங்கப்போகிற, நம்மைவிட இருபது வயது இளையவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஒருவர் நம்மைப் பார்த்து வரும் டாக்டராக இருந்தால் புத்தி தெளிவாக இருந்ததா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். உயிலில் பங்கு பெறுபவரையும் அவர் கணவன் மனைவியையும் சாட்சியாகப் போட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் போட்டால் அந்தப் பங்கே செல்லாது.

சென்னையில் வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சென்னை நகரச் சொத்தைப் பற்றிய உயிலுக்கு ஹைகோர்ட்டில் புரோபேட் வாங்கினால்தான் உரிமை கொண்டாட முடியும் என்று முன்பு இருந்தது. அதற்குக் காரணமான 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு வரும் என்று தோன்றும் குடும்பங்கள் விரும்பினால் இப்போதும் புரோபேட் வாங்கிக்கொள்ளலாம். கேரளச் சொத்துக்கும் கும்பகோணத்துச் சொத்துக்கும் தனித்தனி உயில் வேண்டியதில்லை. ஒரே உயிலில் இரண்டையும் எழுதலாம். எந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீசிலும் ரிஜிஸ்தர் செய்யலாம். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளரை மட்டும் இந்தியாவில் இருப்பவராகப் போடுங்கள்.

எழுதிய உயிலை எங்கே வைப்பது? பலர் பேங்க் லாக்கரில் வைக்கிறார்கள். லாக்கர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, நாமினியும் போடாமல் அவர் காலமானால், லாக்கரைத் திறக்க வாரிசு யார் என்று பேங்க் கேட்கும். வாரிசு யார் என்று சொல்லும் காகிதம் லாக்கருக்குள் இருக்கும். ரிஜிஸ்தர் செய்தால் அசல் தொலைந்தாலும் நகல் வாங்கலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறோம் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்பவர்கள் உயிலைக் கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்து மாவட்ட ரிஜிஸ்திராரிடம் ஒப்படைக்கலாம். காலமான பிறகு விண்ணப்பித்தால் அவர் பிரித்துப் பதிவு செய்வார். எங்கே வைத்தாலும், வைத்த இடத்தையும் வக்கீலின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, மனைவியிடமும் பொறுப்பாளரிடமும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.